கட்டியே இல்லாத வியாதி

வீட்டுல கூப்பிடற பேரு வாண்டு. வயசு இருபத்தஞ்சு. இப்ப உக்காந்திருக்கறது ஆஸ்பத்திரி நாலாவது மாடி, ஏழாம் நம்பர் ரூம், ஜன்னல் பக்கத்து நாற்காலி. அக்கா தூங்கறா. 'நான்'னு ஆரம்பிச்சு மூணு தடவை எழுதிப் பாத்தாச்சு, முதல் வரியைத் தாண்டல. அதனால வேற எவனோ ஒருத்தன் கதை மாதிரி, என்னை வாண்டுன்னே சொல்லிட்டுப் போறேன். ஊர்லேர்ந்து போன்ல நீங்க எல்லாரும் கேட்டதுக்கும் பதில் இதுல இருக்கு. பாதியில விட்டுட்டு அழ உக்காந்துடாதீங்க.

அக்காவுக்கு என்ன வேலைன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. "ஏதோ துணி கம்பெனி"ம்பீங்க. சீருடை தைக்கற கம்பெனி அது. வெளியிலேர்ந்து வர்ற துணி ரோலைப் பாத்து, நல்லதுன்னா எடுத்துக்கறது, இல்லன்னா திருப்பி அனுப்பறதுதான் அக்கா வேலை. உள்ள லைட் எரியற சாய்வுக் கண்ணாடி மேல துணி ஓடிக்கிட்டே இருக்கும். எதிர்ல நின்னு நூல் விட்டிருக்கா, கறை இருக்கான்னு பாத்து, தப்பு இருக்கற இடத்துல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டணும். பதினொரு வருஷமா அதைத்தான் செய்யறா. சூப்பர்வைசர் அவளுக்கு வச்ச பேரு கழுகு.

நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு புதன்கிழமை கழுகு கோட்டை விட்டுச்சு. பன்னெண்டு மீட்டர் துணியில இடது ஓரமா கோடு கிழிச்ச மாதிரி நூல் விட்டிருக்கு. அக்கா பாட்டுக்கு விட்டுட்டா. சூப்பர்வைசர் வந்து கேட்டா, "எந்தக் கோடு?"ன்னு இவ திருப்பிக் கேக்கறா. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவ கண்ணுக்குத் தெரியல. ரெண்டு நாள்ல அது தானா சரியாப் போச்சு. அடுத்த வாரம் வலது கால் படியில மடங்கி விழுந்தா. அதுவும் சரியாச்சு. அப்புறம் சாயங்காலமானா காய்ச்சல். ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆச்சு. ஒரு நாள் கேஸ் அடுப்பைப் பத்த வைக்கத் தெரியாம அது முன்னாடி கால்மணி நேரம் நின்னுருக்கா.

எல்லாத்தையும் விட, அவ பேசற இந்த ஊர் பாஷை போச்சு. வாண்டு இந்த நாட்டுக்கு வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது, தட்டுத் தடுமாறிப் பேசுவான். அக்கா அப்படி இல்ல, பஸ்ல சீட்டுக்குச் சண்டை போடற அளவுக்குப் பேசுவா. அந்த பாஷை முழுசா, சுவிட்சை அணைச்ச மாதிரி போயிடுச்சு. தமிழ் மட்டும் மிச்சம். அதனால ஆஸ்பத்திரியில அவளுக்கு வாயா இருந்தது வாண்டுதான். தப்பு நடந்ததும் அங்கதான்.

முதல் தடவை நரம்பு டாக்டரைப் பாத்த அன்னிக்கு அவர் ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே வந்தார். தலைவலி உண்டா, தலையில அடிபட்டுதா, வீட்டுல யாருக்காவது வலிப்பு உண்டா. வாண்டு ஒவ்வொண்ணையும் அக்காகிட்ட கேட்டுக் கேட்டுச் சொன்னான். அப்புறம், "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா? வேற டாக்டர் குடுத்தது, கடையில வாங்கினது?"

அந்த ஒரு கேள்வியை மட்டும் வாண்டு அக்கா பக்கம் திருப்பவே இல்ல. "இல்ல"ன்னுட்டான்.

"என்னடா கேக்கறார்?"ன்னா அக்கா.

"சாப்டியான்னு கேட்டார். சாப்டேன்னு சொல்லிட்டேன்."

"பாரேன், நல்ல மனுஷன்"னா அக்கா.

ஏன் இல்லன்னான்? உங்களுக்குத் தெரியும். மாமாவோட மருந்துக் கடையிலேர்ந்து, முகப் பவுடர் டப்பாக்குள்ள பஞ்சு அடைச்சு, அதுக்குள்ள வந்த சின்ன வெள்ளை மாத்திரை. சீட்டு கிடையாது, பில் கிடையாது. "அந்த ஊர்ல இதெல்லாம் கேஸாயிடும், வாயைத் திறக்காதே"ன்னு அம்மா நாலு தடவை சொல்லியிருந்தா. வாண்டுவோட விசாவைப் புதுப்பிக்கிற மாசம் வேற. டாக்டர் கையில பேனாவைப் பாத்ததுமே அவனுக்கு அது போலீஸ்காரர் பேனாவாத் தெரிஞ்சுது.

மாத்திரை வேலை செஞ்சுது, அதையும் சொல்லணும். போட்டா மூணே நாள்ல காய்ச்சல் நின்னுடும், கால் எழுந்துடும், அக்கா சிரிப்பா. அம்மா போன்ல, "பாத்தியா மாமா கைராசியை"ம்பா. மாத்திரையை விட்டா பத்து நாள்ல திரும்ப விழுவா, விழுந்த இடத்துலேர்ந்து இன்னும் ஒரு படி கீழ. அப்படியே ரெண்டு மாசம் ஏறி இறங்கி ஓடுச்சு. ஒரு நாள் பாத்ரூம்ல மயங்கிக் கிடந்தவளைத் தூக்கிட்டு வந்து இங்க சேத்தது அதுக்கப்புறம்தான்.

சேத்து எட்டு நாள்ல உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தாங்க, முதுகுத் தண்டுலேர்ந்து தண்ணி எடுத்தாங்க. எங்கயும் கட்டி இல்ல. மூளையில மட்டும் சின்னச் சின்னப் புள்ளி. ரத்தக் குழாய்ல பழைய அடைப்பா இருக்கலாம்னார் இந்த வார்டுப் பெரிய டாக்டர். ஒன்பதாவது நாள் ஒரு பேப்பரோட வந்து நின்னார், பின்னாடி நாலு பேர்.

"என்ன எழுதியிருக்கு?"ன்னா அக்கா.

"மன உளைச்சலும் காரணம்னு. ஓய்வு எடுக்கணுமாம். வீட்டுக்குப் போகலாமாம்."

அக்கா தலையணையை முதுகுக்குக் குடுத்து நிமிந்து உக்காந்தா. "கேளுடா அவரை. என் கால் மடங்கினது படியிலயா, மனசுலயா? பன்னெண்டு மீட்டர் துணியில கோடு தெரியாமப் போனது எந்த உளைச்சல்ல? எனக்கு உளைச்சல் வந்தா நான் எதிர்ல இருக்கறவனைத்தான் உளைய விடுவேன், நான் விழ மாட்டேன். சொல்லு."

வாண்டு தொண்டையைச் செருமிட்டு, இந்த ஊர் பாஷையில, "அக்காவுக்குக் கொஞ்சம் சந்தேகமா இருக்காம்"னான்.

பாஷை போனாலும் காது போகல. "டேய். நான் சொன்னது இம்மாம் நீளம். நீ சொன்னது நாலு வார்த்தை. மீதி எங்கடா?"

"அக்கா, பெரிய டாக்டர்க்கா..."

"அவர் பெரிய டாக்டர்னா நான் என்ன சின்ன நோயாளியா? ஒரு வார்த்தை குறையாம சொல்லு."

வாண்டு வேர்த்து விறுவிறுத்துச் சொன்னான், காலு, படி, துணி, உளைய விடறது எல்லாத்தையும். பெரிய டாக்டர் முகம் இறுகிடுச்சு. ஆனா பின்னாடி நின்ன நாலு பேர்ல குதிரைவால் கொண்டை போட்ட ஒரு டாக்டரம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுட்டாங்க. ரத்த சம்பந்தமான பிரிவாம் அவங்க. எல்லாரும் போனப்புறம் அவங்க மட்டும் நின்னாங்க.

"அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட வேண்டாம்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க. எனக்கு ஒரு நாள் டைம் வேணும்."

"கையெழுத்தா?"ன்னா அக்கா. "இந்தக் கட்டில்லேர்ந்து எந்திரிக்கவே போறதில்ல. கட்டிலோட தூக்கிட்டுப் போகட்டும்."

மறுநாள் குதிரைவால் டாக்டர் ரெண்டு ஸ்கேனைப் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினாங்க. சேக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி எடுத்ததுல இருந்த புள்ளி இப்ப இல்ல, இப்ப இருக்கற புள்ளி அப்ப இல்ல. "பழைய அடைப்புன்னா இடம் மாறாது"ன்னாங்க. உடம்புல செல்லு சாகறப்போ ரத்தத்துல கசியற ஒரு பொருள் இருக்காம், அது மூணு மடங்கு ஏறியிருக்கு. அப்புறம் பேரைச் சொன்னாங்க. லிம்போமான்னு ஒரு ரத்தக் கேன்சர், அதுலயும் ரொம்ப அபூர்வமான வகை. "மத்த கேன்சர் ஒரு இடம் பாத்துக் கட்டியா வளரும். இது வளராது. சின்னச் சின்ன ரத்தக் குழாய்க்குள்ளயே கூட்டமா உக்காந்துக்கும், ரத்தத்தைப் போக விடாது. மூளையில எந்தக் குழாயை அடைக்குதோ அதைப் பொறுத்து ஒரு நாள் கண்ணு, ஒரு நாள் காலு, ஒரு நாள் பேச்சு. அதான் ஸ்கேன்ல சிக்கல. இருக்கலாம்னுதான் சொல்றேன், இருக்குன்னு சொல்லல. நிரூபிக்கணும்."

எப்படின்னு கேட்டான். தோலை வெட்டிப் பாக்கணுமாம். தொடை, வயிறு, கை, மூணு இடம். தோல்ல புண்ணே இல்லயேன்னான் வாண்டு. புண்ணு வேண்டாமாம். நல்லா இருக்கற இடமாப் பாத்துத்தான் வெட்டணுமாம்.

வாண்டு ஆடிப் போயிட்டான். அக்காகிட்ட தமிழ்ல சொல்றப்போவே குரல் கிறீச்சுன்னு போச்சு. "நல்லா இருக்கற இடத்தை எதுக்குக்கா வெட்டணும்? இவங்களுக்கு ஒண்ணும் தெரியல, தடவிப் பாக்கறாங்க. வேண்டாம்னு சொல்லிடறேன்."

"வாயை மூடு. ரோல் வாங்கறப்போ நான் என்ன கறை இருக்கற இடத்துலயா வெட்டிப் பாக்கறேன்? முன்னால ஒரு துண்டு, நடுவுல ஒரு துண்டு, கடைசியில ஒரு துண்டு. பாக்க எல்லாமே தங்கமாத்தான் இருக்கும். தண்ணியில போட்டு அலசினாத்தான் சாயம் போறது தெரியும். இந்தப் பொண்ணுக்கு வேலை தெரிஞ்சிருக்கு. வெட்டச் சொல்லு."

வெட்டினாங்க. அஞ்சு நாள்ல ரிசல்ட் வந்துச்சு. மூணுலயும் ஒண்ணும் இல்ல.

பெரிய டாக்டர் அன்னிக்கு வந்தார். தலையை மட்டும் லேசா சாய்ச்சுட்டுப் போனார், 'நான் அப்பவே சொன்னேனே'ன்னு சொல்லியிருந்தாக்கூடத் தேவலை. சாயங்காலம் குதிரைவால் டாக்டர் தனியா வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க.

"எனக்கு ஒண்ணு புரியல. இவங்க நடுவுல நடுவுல தானா நல்லா ஆயிருக்காங்க. இந்த வியாதி அப்படித் தானா நல்லாகாது. ஸ்டீராய்டுன்னு ஒரு மருந்து இருக்கு, அது குடுத்தா கொஞ்ச நாள் அடங்கும். அடங்கும்னா போகாது, ஒளிஞ்சுக்கும். அந்த நேரத்துல வெட்டினா ஒண்ணும் சிக்காது. அப்படி ஏதாவது மருந்து இவங்க சாப்பிட்டாங்களா? கேட்டுச் சொல்லுங்க."

அதே கேள்வி. அக்கா வாண்டு வாயையே பாத்துட்டு இருக்கா. வெட்டறதுக்கு முந்தின நாள்கூட, அவ தாங்க மாட்டாளேன்னு ரெண்டு மாத்திரையைத் தண்ணியோட குடுத்தது இவன்தான். இல்லன்னு சொல்லிட்டா விசா பத்திரம், மாமா பத்திரம், அம்மா சொன்ன சொல் பத்திரம். அக்கா மட்டும் மன உளைச்சல்னு ஒரு பேப்பரோட வீட்டுக்குப் போய், அடுத்த தடவை விழறப்போ எழுந்திரிக்க மாட்டா.  அப்புறம் பையைத் திறந்து பவுடர் டப்பாவை எடுத்து மேஜை மேல வச்சான். டக்குன்னு சத்தம் கேட்டுச்சு.

டாக்டரம்மா பஞ்சை எடுத்தாங்க, மாத்திரை அட்டையைத் திருப்பிப் படிச்சாங்க. "ஸ்டீராய்டேதான்"னாங்க. போலீஸைக் கூப்பிடல. "தினம் எத்தனை, எந்தெந்தத் தேதி?"ன்னு மட்டும் கேட்டாங்க. வாண்டு அழுதுக்கிட்டே சொல்ல, எழுதிக்கிட்டாங்க.

"அந்த டப்பாவை எதுக்குடா அவங்ககிட்ட குடுத்த?"ன்னா அக்கா. 

வாண்டு சொன்னான். 

"இப்பதான் கேட்டாங்களா?"

"இல்லக்கா. மொத நாளே கேட்டார் நரம்பு டாக்டர். நான்தான் இல்லன்னுட்டேன்."

"என்கிட்ட?"

"சாப்டியான்னு கேட்டார்னு சொன்னேன்."

அக்கா இடது கையைத் தூக்கி அவன் மண்டையில ஒண்ணு போட்டா. அந்தக் கைல ஒரு கொசுவைக்கூடக் கொல்ல முடியாது, ஆனா அது மாதிரி அடி வாண்டு வாழ்க்கையில வாங்கினதில்ல.

"உடம்பு என்னுது. வலி என்னுது. பதில் மட்டும் உன்னுதாடா?"

அன்னிக்கே முடிவாச்சு. மாத்திரையை அவங்க மேற்பார்வையில குறைச்சு நிறுத்தறது, பத்துப் பன்னெண்டு நாள் பொறுத்துத் திரும்ப வெட்டறது, இந்தத் தடவை ஆழமா, அடிக் கொழுப்பு வரைக்கும், அஞ்சு இடம். நடுவுல மூச்சோ நினைவோ தப்பினா காத்திருக்க மாட்டோம், உடனே மருந்துன்னாங்க. நிறுத்தினா உடம்பு மோசமாகும்னும் ஒளிக்காம சொன்னாங்க. வாண்டு இந்தத் தடவை ஒரு சொல் விடாம அக்காகிட்ட சொன்னான்.

"மோசமாகட்டும்"னா அக்கா. "மூணு மாசமா என் வீட்டுக்குள்ள ஒளிஞ்சு உக்காந்து ஆட்டம் காட்டுது. வெளிய வரட்டும். மூஞ்சியைப் பாக்கணும் எனக்கு."

மூணாவது நாள் காய்ச்சல் வந்துச்சு. அஞ்சாவது நாள் வலது கால் மரக்கட்டை. அம்மா போன் பண்ணி, அது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும், "பெத்த வயிறு எரியுதுடா, அந்த மாத்திரையைக் குடுத்துத் தொலை"ன்னு கத்தினா. போனை அக்கா காதுல வச்சான். அக்காவுக்கு அப்பவே ஒவ்வொரு சொல்லும் கல்லைத் தூக்கற மாதிரி வந்துச்சு.

"அம்மா. மாமாவை... கடையைப் பாக்கச் சொல்லு. என்னை... டாக்டர் பாப்பாங்க."

எட்டாவது நாள் வாண்டுவைக் "கதவு"ன்னு கூப்பிட்டா. தப்புன்னு அவளுக்கே தெரிஞ்சு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு, திரும்பவும் முயற்சி பண்ணி, திரும்பவும் "கதவு"ன்னா. வாண்டு "வந்துட்டேன்க்கா"ன்னு போய் நின்னான். கதவுன்னா கதவு, என்ன இப்போ.

பத்தாவது நாள் மத்தியானம் பேச்சு நின்னுடுச்சு. இதை உங்ககிட்ட இதுவரைக்கும் சொல்லல. டாக்டர்கிட்ட டப்பாவைக் குடுத்தப்போ வாண்டு ஒரு மாத்திரை அட்டையைப் பர்ஸுக்குள்ள எடுத்து வச்சுக்கிட்டான், ஆத்திர அவசரத்துக்குன்னு. அன்னிக்கு அதை வெளிய எடுத்தான்.  ஒரு மாத்திரையை உதுத்து, தண்ணி கிளாஸோட அவ வாய்கிட்ட கொண்டு போயிட்டான். "ஒண்ணே ஒண்ணுக்கா. உன்னை இப்படிப் பாக்க முடியல."

அக்கா பல்லை இறுக்கிக்கிட்டா. சின்ன வயசுல இவன் கஷாயத்துக்கு இறுக்கின மாதிரி. இடது கையால அவன் மணிக்கட்டைப் பிடிச்சு, மெதுவா, தள்ளித் தள்ளி, கட்டிலுக்கு வெளிய கொண்டு போயிட்டா. மாத்திரை தரையில விழுந்து உருண்டுச்சு. அப்புறம் நெத்தியில நரம்பு புடைக்க, மூச்சைச் சேத்து, அன்னிக்கு முழுக்க அவ வாயிலேர்ந்து வந்த ஒரே சொல் வந்துச்சு.

"வெட்டு."

வாண்டு மணியை அடிச்சான். அடிச்சுக்கிட்டே இருந்தான். ஓடி வந்த நர்ஸ்கிட்ட அட்டையையும் குடுத்துட்டான். குதிரைவால் டாக்டர் வந்து பாத்துட்டு, இனி காத்திருக்க வேண்டாம்னு அன்னிக்கே ஆளைக் கூப்பிட்டு அஞ்சு இடத்துல வெட்டினாங்க. துண்டுகளைத் தனித்தனி பாட்டில்ல போட்டு, ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, அடியில மஞ்சளா கொழுப்பு இருக்கான்னு பாத்துட்டுத்தான் எடுத்துட்டுப் போனாங்க. அக்கா அதைப் பாத்த பார்வை, தன்கூட வேலை செய்யறவளைப் பாக்கற பார்வை.

மூணாவது நாள் ரிசல்ட். அஞ்சுல ரெண்டு. தொடையிலயும் வயித்துலயும் இருக்கு. படம் காட்டினாங்க: வட்ட வட்டமா சின்னக் குழாய்ங்க, உள்ள பெரிய பெரிய கருநீலச் செல்லு, திருவிழா பஸ் மாதிரி நெருக்கியடிச்சுக்கிட்டு. அக்கா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் இடது கை ஆள்காட்டி விரலை நாக்குல தொட்டு, படத்துல அந்தக் குழாய் மேல அழுத்தி வச்சா. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டறதாம். குதிரைவால் டாக்டருக்குப் புரியல. வாண்டு சொன்னதும் அவங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

முதல் மருந்து ஏறி இன்னிக்கு ஒன்பது நாள். மூணு வாரத்துக்கு ஒண்ணு, மொத்தம் ஆறு. பிழைப்பாளான்னு கேட்டுக் கேட்டு வாண்டுவைக் கொல்லாதீங்க. சரியாக வாய்ப்பு இருக்கு, லேட்டாத்தான் பிடிச்சோம், பாப்போம்னு டாக்டர் சொன்னாங்க, அதுக்கு மேல ஒரு சொல் அவனும் சேத்துச் சொல்ல மாட்டான், குறைக்கவும் மாட்டான். காய்ச்சல் இல்ல. சோறு இறங்குது. பேச்சு ஒவ்வொரு சொல்லா வருது. பெரிய டாக்டர் நேத்து வந்து, ரிப்போர்ட்டைப் பாத்தேன், வருத்தமா இருக்குன்னார். அக்கா வாண்டுவைப் பாத்தா. "பேப்பர்"னா. "மாத்து"ன்னா. வாண்டு முழுசா சொன்னான்: மன உளைச்சல்னு எழுதின அந்தப் பேப்பரை மாத்தி எழுதித் தரணுமாம், அக்கா கம்பெனியில காட்டணுமாம். அவர் நின்ன நின்னபடி, மேஜை மேல வச்சு எழுதிக் குடுத்தார். அக்கா அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு மேல கீழ பாத்துட்டுத்தான் தலையாட்டினா.

மாமா மேல யாரும் பாயாதீங்க. அவர் அனுப்பினார், வாண்டு மறைச்சான். மறைச்சதுதான் பெரிசு.

இப்ப கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. வாண்டு திங்கக்கிழமைலேர்ந்து வேலைக்குப் போயே ஆகணும், காலைல ஏழுலேர்ந்து சாயங்காலம் நாலு வரைக்கும் குளிர் கிடங்குல இருப்பான். அந்த நேரத்துல அக்கா பக்கத்துல ஆள் இல்ல. இதைப் படிக்கறது சித்தியோ, அண்ணியோ, யாரா இருந்தாலும் சரி, பாஸ்போர்ட் இருக்கறவங்க ஒருத்தர் அஞ்சு மாசத்துக்குக் கிளம்பி வாங்க. பாஷை தெரிய வேண்டாம். டாக்டர் வந்து ஏதாவது கேட்டா எனக்குப் போன் போட்டு, அக்கா காதுகிட்ட பிடிச்சா போதும். யார் வரீங்கன்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க.